பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டு முன்னாடி புதுசா ஓட்டுத் திண்ணை போடணும், யாராச்சும் பண்ணிருக்கீங்களா?

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு மாயவரம் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கு. தாத்தா 1950கள்ல கட்டினது, முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட தட்டைக் கூரை), பின்கட்டு ஓடு, நடுவுல சின்னதா ஒரு முற்றம். முன்னாடி ரெண்டு பக்கமும் திண்ணை இருந்துச்சு, தூணோட. அதை 90கள்ல அப்பா இடிச்சுட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு கிரில் அடிச்சு ரூம் மாதிரி ஆக்கிட்டாரு, அப்ப எங்க தெருவுல பாதி வீட்ல அதான் நடந்துச்சு. இப்ப கிரில் துரு புடிச்சு ஷீட்டெல்லாம் விரிசல் விட்டு போன ஐப்பசி மழைல உள்ள குடை புடிச்சு நிக்கற நிலைமை, சரின்னு எல்லாத்தையும் பிரிச்சாச்சு.

இப்ப வீடு முன்னாடி மொட்டையா நிக்குது. ஹால் சுவர் உள்ள தரைலேருந்து சீலிங் வரைக்கும் 11 அடி, நடுவுல தேக்கு நிலை, ரெண்டு பக்கமும் கம்பி வச்ச ஜன்னல். முன்னாடி மூணு படி இருந்தது, ரோடு போட்டு போட்டு இப்ப ஒரு படி தான் மிச்சம். நான் நினைக்கறது 16 அடி அகலம், சுவர்லேருந்து தெருப்பக்கம் 8 அடி ஆழம். அம்மாவுக்கு சாயங்காலம் தெருவ பாத்து உக்காரணும், கீரைக்காரம்மாகிட்ட பேரம் பேசணும், அது இல்லாம அவங்களுக்கு பொழுது போக மாட்டேங்குது.

பிரச்சனை என்னன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இன்ஜினியர் கான்கிரீட் போர்டிகோ தான்னு சொல்றாரு, முன்னாடி ரெண்டு தூண், பின்னாடி பழைய சுவர்ல துளை போட்டு கெமிக்கல் ஊத்தி கம்பி விட்டு ஸ்லாபை அதுல புடிச்சுக்கலாமாம். மேஸ்திரி எதுக்கு சார் வம்பு பைப் நட்டு கலர் ஷீட் போட்டுடலாம்ங்கறாரு. வீட்டுக்காரம்மா மங்களூர் ஓடு, மரத்தூண், ஆத்தங்குடி டைல்ஸ், ஒரு ஊஞ்சல்னு செல்போன்ல முப்பது நாப்பது போட்டோ சேத்து வச்சிருக்காங்க. எங்கிட்ட இருக்கறது நாலு லட்சம், கொஞ்சம் முன்ன பின்ன. எது சரியா வரும் சொல்லுங்க.

ஒருபைப்_ஒருஷீட்:

மேஸ்திரி சொல்றத கேளுங்க பாஸ். ரெண்டே நாள் வேலை, ஒன்றரை லட்சத்துல முடியும். மிச்ச காசுல அம்மாவுக்கு நல்ல ஈஸிசேர் வாங்கி போடுங்க.

பழைய_ஓவர்சியர்:

தம்பி, முதல்ல அந்த கெமிக்கல் ஊத்தி கம்பி விடற வேலைய நிறுத்துங்க. 1950கள்ல கட்டின சுவர்னா பெரும்பாலும் செங்கல்லு, சுண்ணாம்புக் காரை. அந்த காரை நல்லா மூச்சு விடும், சுமையும் தாங்கும், ஆனா மேலேருந்து கீழ வர்ற சுமைய தான் தாங்கும், பக்கவாட்டுல ஒரு கம்பி புடிச்சு இழுத்தா உதிர்ந்துடும். கெமிக்கல் ஆங்கர் கான்கிரீட்டுக்கு அருமையான சாமான், சுண்ணாம்புச் சுவருக்கு இல்ல. 16க்கு 8 அஞ்சு இஞ்ச் ஸ்லாப் போட்டா அது மட்டுமே மூணரை டன்னுக்கு மேல வரும். அதுல பாதிய எழுபது வருஷ சுவர் மேல திடீர்னு ஏத்தறதுக்கு எனக்கு மனசு வராது.

அத விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. உங்க பழைய வீடு இறங்க வேண்டிய அளவு எப்பவோ இறங்கி உக்காந்துடுச்சு. புது அஸ்திவாரம் இனிமே தான் இறங்கும், அதுவும் உங்க பக்கம் களிமண்ணு, ஐப்பசி கார்த்திகைல ஊதும், சித்திரைல சுருங்கும். ரெண்டையும் சேத்து கட்டினா புதுசு இறங்கறப்ப பழசையும் புடிச்சு இழுக்கும், சேர்ற எடத்துல நேரா ஒரு விரிசல் வரும், நீங்க வருஷா வருஷம் அதுல சிமெண்ட் பூசிட்டே இருப்பீங்க. அந்த விரிசல் வழியா தண்ணி எங்க போகும்னு யோசிச்சு பாருங்க. மெட்ராஸ் டெரஸ்ல தேக்கு கட்டைங்க வரிசையா போகும், அதுக்கு மேல சின்ன செங்கல்ல குறுக்க சாய்ச்சு செங்குத்தா அடுக்கி சுண்ணாம்பு போட்டிருப்பாங்க. உள்ள போய் அண்ணாந்து பாருங்க, கட்டைங்க தெருப்பக்கத்து சுவர்ல வந்து உக்காருதா, இல்ல பக்கத்து சுவர்லயா? தெருப்பக்கம்னா கட்டையோட முனை அந்த சுவருக்குள்ள தான் புதைஞ்சிருக்கு. சுவர் ஈரமாவே இருந்தா முனை உள்ளுக்குள்ள உளுத்துப் போகும், வெளிய பாத்தா கட்டை கும்முனு இருக்கும், ஒண்ணும் தெரியாது. தெரியறப்ப சீலிங் தொங்கும்.

அதனால கான்கிரீட்டோ ஓடோ ஷீட்டோ எது வேணா போடுங்க, ஆனா திண்ணை தன் கால்ல தான் நிக்கணும். முன்னாடி ஒரு வரிசை தூண், சுவர்லேருந்து ரெண்டு அடி தள்ளி இன்னொரு வரிசை, கைமரம் (ஓட்டுக்கு அடியில சரிவா போற கட்டை) பின் தூணைத் தாண்டி சுவர் வரைக்கும் நீட்டிட்டு வந்து சுவரைத் தொடாம நிக்கணும், ஒரு இஞ்ச் இடைவெளி. பின் வரிசைக்கு குழி எடுக்கறப்ப பழைய அஸ்திவாரத்து அடி மட்டத்துக்கு கீழ போகாதீங்க, மொத்தத்தையும் ஒரே நாள்ல தோண்டி திறந்து போடாம ஒவ்வொண்ணா தோண்டி கான்கிரீட் போட்டு மூடிட்டு அடுத்ததுக்கு போங்க.

இடைவெளிய மறைக்கறதுக்கு சுவர்ல நீளமா ஒரு காடி (ஒடுக்கமான பள்ளம்) எடுத்து அலுமினிய தகட்ட அதுல சொருகி சுண்ணாம்புக் கலவை வச்சு அடைச்சுட்டா தகடு ஓட்டு மேல வந்து படியும், ஓட்டுல ஒட்டாது. வீடு தனியா அசையும் திண்ணை தனியா அசையும், தண்ணி உள்ள வராது.

தரையும் அப்படித்தான். உள் தரைய விட நாலு இஞ்சாவது இறக்கி போடுங்க, தெருப்பக்கம் எட்டு அடிக்கு ஒரு இஞ்ச் சரிவு. பிரிச்ச ஆஸ்பெஸ்டாஸ் துண்டை ரப்பிஷ்னு உள்ள கொட்டி மூடிடாதீங்க, அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது, உடைக்காம தண்ணி தெளிச்சு தனியா எடுத்து வைங்க. நெரப்பறதுக்கு கிராவலோ மணலோ போட்டு தண்ணி விட்டு இடிச்சு கெட்டிக்கணும்.

அப்பறம் கேக்க மறந்துட்டேன், திண்ணை இருந்த எடம் உங்க பட்டாவுக்குள்ள இருக்கா? தெருவோட ஒட்டின பழைய வீடுங்கள்ல திண்ணை பாதி புறம்போக்குல இருக்கறது சகஜம். எஃப்எம்பி (சர்வே நம்பரோட நில அளவு வரைபடம்) எடுத்து சர்வேயர வச்சு அளந்துட்டு குழி வெட்டுங்க. சாக்கடை கட்ட வர்றப்ப இடிக்க வேண்டி வந்தா நாலு லட்சமும் தெருவோட போயிடும்.

நாஞ்சில்காரி:

ஓவர்சியர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஓட்ட பத்தி நான் சொல்லுதேன், எங்க ஊருல ஓட்டு வீடு தானே அதிகம்.

மங்களூர் ஓட்டுக்கு சரிவு தான் உயிர். 25 டிகிரிக்கு கம்மியா வச்சா காத்தோட வர்ற மழைல தண்ணி ஓட்டு இடுக்குல பின்னால ஏறி உள்ள சொட்டும். 25 டிகிரின்னா ஒரு அடி வெளிய வந்தா கிட்டத்தட்ட அரை அடி இறங்கணும். உங்களுக்கு கணக்கு போட்டு பாத்தேன். சுவர்ல பத்தரை அடி உயரத்துல ஆரம்பிச்சாலும் எட்டு அடி வெளிய வரும்போ ஆறே முக்கால் அடிதான் மிச்சம், அதுக்கு மேல ஒன்றரை அடி இறவாரம் (தூணைத் தாண்டி வெளிய நீட்டுற கூரை ஓரம்) விட்டா ஆறு அடி, வாறவங்க போறவங்க எல்லாம் தலை முட்டுவாங்க. ஆழத்த ஏழடியா குறைச்சு இறவாரம் ஒரு அடி வச்சா முனைல ஆறே முக்கால் நிக்கும், பாக்கவும் அழகா தாழ்வா இருக்கும். ஏழு அடி தாராளம் பாத்துக்கிடுங்க, ரெண்டு பேரு எதிர் எதிரா உக்காந்து பேசலாம் நடுவுல ஆள் போலாம். சில பேரு ஆழமும் வேணும் உயரமும் வேணும்னு சரிவ குறைச்சு 15 டிகிரில ஓடு அடுக்குவாங்க, பிறகு ஒழுகுதுன்னு ஓட்டுக்கு அடில ஷீட் போடுவாங்க. அதுக்கு பேசாம ஷீட்டே போட்டிருக்கலாம்.

இறவாரம் சேத்து உங்களுக்கு 230லேருந்து 250 ஓடு வேணும், உடைசலுக்கும் சேத்து சொல்லுதேன். எல்லாம் சேத்து எடை அறுநூறு கிலோ சொச்சம், அந்த கான்கிரீட்டோட கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு தான். பழைய ஓடு கிடைச்சா அதையே வாங்குங்க, பின்கட்டு ஓட்டோட நிறம் ஒத்துப் போகும். ஆனா வாங்கும்போ ஒவ்வொண்ணையும் விரலால தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும், சொத்தையா சத்தம் வந்தா உள்ள விரிசல் இருக்கு. ரீப்பர் (ஓடு மாட்டுற குறுக்குச் சட்டம்) தூரத்த ஆசாரி மனசுக்கு அடிக்க விடாதீங்க, கைல இருக்க ஓட்ட வச்சு அளந்து தான் அடிக்கணும், ஒவ்வொரு கம்பெனி ஓடும் ஒவ்வொரு அளவு, ஒரு கம்பெனி ஓட்டோட இன்னொண்ணு கொக்கி மாட்டாது.

ஹால் இருட்டாயிரும், அத யாரும் சொல்லல. இப்ப மொட்டையா நிக்கதுனால வெளிச்சம் நல்லா வரும், ஏழடிக்கு கூரை வந்தா ஜன்னல்ல பாதி வெளிச்சம் போச்சு. ரெண்டு ஜன்னலுக்கும் நேரா ரெண்டு ரெண்டு கண்ணாடி ஓடு போடுங்க. நாலு போதும், ஆசைப்பட்டு பத்து போட்டா சித்திரை மாசம் திண்ணைல உக்கார முடியாது.

காத்து விஷயம். உங்க பக்கம் கஜா புயல் வந்து போச்சே 2018 நவம்பர்ல, நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் எத்தனை கூரை பறந்துச்சு. மூணு பக்கமும் திறந்த திண்ணைல காத்து அடியில பூந்து மேல தூக்கும். ஓட்டுக்கு அடிப்பக்கம் ஒரு சின்ன காது மாதிரி ஓட்டையோட இருக்கும், அதுல கம்பி கோத்து ரீப்பர்ல கட்டலாம். எல்லா ஓடுகளையும் கட்டாட்டியும் இறவாரத்து ரெண்டு வரிசையும் ரெண்டு பக்க ஓரமும் கட்டாயம் கட்டச் சொல்லுங்க, ஆளுங்க சோம்பேறித்தனம் பண்ணுவாங்க, நீங்க கீழ நின்னு பாருங்க.

குரங்கு வருமா உங்க ஊருல? ஓட்ட புரட்டிப் போட்டிரும், வந்தா மட்டும் அந்த ஷீட்காரரு சொன்னத யோசிங்க, வேற வழியில்ல.

ஒருபைப்_ஒருஷீட்:

நன்றி அக்கா, கடைசில என் பக்கமும் ஒரு வரி சொன்னீங்க.

காவேரிக்கரை:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. உள்ள போய் பாத்தேன், கட்டைங்க தெருப்பக்க சுவர்ல தான் வந்து உக்காருது. பழைய ஷீட்டு ஒழுகின மூலைல ரெண்டு கட்டை முனைகிட்ட சுண்ணாம்பு பொரிஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருக்கு, இத்தனை நாளா அத பெயிண்ட் பழசுன்னு நினைச்சிட்டிருந்தோம். சர்வேயரும் வந்தாரு, பட்டா பழைய படியோட முடியுது, அதாவது சுவர்லேருந்து ஏழரை அடி. அப்ப 8 அடிங்கற பேச்சே இல்ல. குரங்கு இல்ல, புண்ணியம்.

ஓடுன்னு முடிவாயிடுச்சு. இப்ப தூணும் தரையும். மரத்தூண் போட்டா தாங்குமா, ஆத்தங்குடி டைல்ஸ் வெளில போடலாமா?

செட்டிநாட்டுக்காரன்:

அண்ணே, காரைக்குடி பக்கம் நான். தூண் வாங்கறதா இருந்தா முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்துருங்க, இடிச்ச வீட்டு சாமான் கடைங்க வரிசையா இருக்கும், தூணு, போதிகை (தூண் தலைல வைக்கற கட்டை), கதவு, நிலைன்னு எல்லாம். போட்டோ பாத்து ஆர்டர் பண்ணாதீங்க. தூணோட அடிய பாக்கணும், ஏன்னா அது தான் தரை ஈரத்துல நின்ன எடம். ஒரு ஆணி எடுத்து அடிப்பாகத்துல குத்திப் பாருங்க, புதுசா பாலீஷ் போட்டு பளபளன்னு இருக்கும் ஆனா ஆணி அரை இஞ்ச் உள்ள போனா வேணாம். சில கடைல உளுத்த அடிய அறுத்துட்டு குட்டையா விப்பாங்க, நாலு தூணையும் பக்கத்துல நிப்பாட்டி அளந்து பாருங்க. மரத்த நேரா தரைல நிறுத்தக் கூடாது, அடியில கருங்கல் பீடம் ஒண்ணு கட்டாயம், தரைலேருந்து ஒரு அடியாவது உசரமா.

டைல்ஸ் பத்தி. ஆத்தங்குடி கல்ல சூளைல சுடறதில்ல. கண்ணாடி ஒண்ண கீழ வச்சு அது மேல சட்டத்த வச்சு அதுக்குள்ள கலர் சிமெண்ட் கலவைய கரண்டியால ஊத்துவாங்க, அது மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு அமுக்கி, காஞ்சதும் தண்ணித் தொட்டில போட்டு ஊற வச்சு அப்பறம் தான் கண்ணாடியப் பிரிப்பாங்க. பளபளப்பு அந்த கண்ணாடிலேருந்து வர்றது, மேல ஒண்ணும் தடவறதில்ல. அதனால நடக்க நடக்க, தேங்காய் எண்ணெய் தொட்டு தொடைக்கத் தொடைக்க மெருகு ஏறும். ஆனா தினமும் மழைச் சாரலும் வெயிலும் படற எடத்துல கலர் மங்கிரும். ஆசிட் ஊத்தி கழுவினா போச்சு, வேலைக்கு வர்ற ஆளுகிட்ட முதல் நாளே சொல்லிருங்க.

நான் சொல்ற யோசனை, சுவர் பக்கம் நாலஞ்சு அடிக்கு மட்டும் ஆத்தங்குடி போடுங்க, தெருப்பக்கம் கடைசி ரெண்டு அடியும் படியும் சொரசொரப்பு கருங்கல்லு. சாரல் கல்லோட நின்னுரும், அம்மா வழுக்கி விழ மாட்டாங்க, கோலமும் அந்த கல்லு மேல தான் நல்லா விழும். பைக்க டைல்ஸ் மேல ஏத்தவே ஏத்தாதீங்க, சைடு ஸ்டாண்டு நிக்கற எடத்துல பொத்து போயிரும்.

பழைய_ஓவர்சியர்:

தூண் விஷயத்துல ஒண்ணு சேக்கறேன். மரத்தூணை பீடத்து மேல சும்மா நிறுத்தறது அந்த காலத்து முறை, அப்ப மேல பெரிய வீட்டோட சுமை மொத்தமும் இருந்தது, அது அமுக்கி புடிச்சுக்கும். உங்களோடது அறுநூறு கிலோ ஓடு தான், நாஞ்சில் அம்மா சொன்ன மாதிரி காத்து தூக்கினா தூணோட சேந்து கிளம்பும். பின் வரிசைக்கு இரும்பு பைப் போட்டு அஸ்திவாரத்துல போல்ட் போடுங்க, யாரு கண்ணுலயும் படாது. முன் வரிசை மரத்தூணுக்கு பீடத்துலேருந்து ஒரு இரும்புத் தண்டு தூணோட அடிக்குள்ள ஏறணும், மேல உத்தரத்தோட தகடு வச்சு போல்ட் போடணும்.

செட்டிநாட்டுக்காரன்:

ஐயா, இரும்ப தூணுக்குள்ள விட்டா வேர்த்து துரு புடிச்சு மரத்த உளுக்காதா? எங்க பக்கம் பழைய ஆசாரிங்க ஒத்துக்க மாட்டாங்க.

பழைய_ஓவர்சியர்:

கேள்வி நியாயம் தான். துரு புடிக்காத ஸ்டெயின்லெஸ் தண்டா போடச் சொல்லுங்க, ஓட்டைக்குள்ள தண்ணி நிக்காம பீடத்து மேல் பக்கத்த லேசா சரிவா செதுக்கணும். மீதிய ஆசாரிகிட்ட விட்டுடலாம், ஆனா தண்டு இல்லாம வேணாம்.

மல்லிப்பந்தல்:

கட்டறவங்க எல்லாம் கட்டி முடிச்சுட்டீங்க, அலங்காரத்துக்கு நான் வரேன். கரண்ட் லைனை இப்பவே யோசிங்க. பழைய சுவர்ல திரும்ப காடி எடுத்து பைப் புதைக்க வேணாம், கைமரத்து மேல் பக்கமா ஓட விட்டா கீழேருந்து தெரியாது. லைட்ட கூரைக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு போட்டுடாதீங்க, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கும். மழை விட்ட அன்னிக்கு ஈசல் மொத்தமும் வெள்ளை லைட்டுக்கு தான் வரும், அம்மா தலைல கொட்டும். மஞ்சள் லைட்டா நிலைக்கு ரெண்டு பக்கமும் சுவர்ல ஒண்ணு ஒண்ணு போதும். பழைய சுவர்ல விளக்கு மாடம் இருந்து அப்பா காலத்துல பூசி மூடியிருக்கலாம், நிலைக்கு பக்கத்துல தட்டிப் பாருங்க, பொள்ளுனு சத்தம் வந்தா அங்க தான் இருக்கும்.

செடி வைக்கறவங்க எல்லாம் தூண்ல மணிபிளாண்ட் ஏத்தி விடறாங்க, மரத்தூணுக்கு அது எதிரி, ஈரம் புடிச்சு வச்சுக்கும். தொட்டிய படிக்கு ரெண்டு பக்கம் மண்ணுலயே வைங்க. மேக்கு பாத்த வீடா? மேக்குன்னா மூங்கில் தட்டி இல்ல வெட்டிவேர் தட்டி சுருட்டி விடற மாதிரி ரெண்டு கொக்கி மட்டும் உத்தரத்துல அடிச்சு வைங்க.

திண்ணை மேடை ஒண்ணரை அடி உசரம், மூணடி அகலம் இருந்தா தான் காலை மடிச்சு உக்காரலாம், மதியம் படுக்கலாம். ஒரு ஓரத்துல தலைக்கு சரிவா மேடு கட்டச் சொல்லுங்க, பழைய திண்ணைல இருக்குமே அது. ஒரு பக்கம் மட்டும் கட்டுங்க, அம்மாவுக்கு முட்டி வலின்னா இன்னொரு பக்கம் மர பெஞ்சு தான் நல்லது, கைப்பிடியோட.

காவேரிக்கரை:

மேக்கு பாத்த வீடு தான், தட்டிக்கு கொக்கி சொல்லிடறேன். நிலை பக்கத்துல தட்டிப் பாத்தேன், இடது பக்கம் சத்தம் மாறுது! ஞாயித்துக்கிழமை மெதுவா சுரண்டிப் பாக்கணும்.

கடைசியா ரெண்டு. பெயிண்டர் அந்த உப்பு பூத்த எடத்துல வால் புட்டி போட்டு எமல்ஷன் பெயிண்ட் அடிச்சுடலாம்ங்கறாரு, சரியா? இன்னொண்ணு ஊஞ்சல், வீட்ல அத மட்டும் விட மாட்டேங்கறாங்க.

பழைய_ஓவர்சியர்:

எமல்ஷன் அடிச்சா உள்ள இருக்கற ஈரம் வெளிய வர முடியாம அடுத்த வருஷம் கொப்புளம் கொப்புளமா உரிஞ்சு வரும். பொரிஞ்ச பூச்ச உரிச்சு எடுத்துட்டு ஒரு கோடை முழுக்க காய விடுங்க, அப்பறம் சுண்ணாம்புப் பூச்சே பூசி கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிங்க, சிமெண்ட் பூச்சு மேல வரவே கூடாது. கலர் வேணும்னா சுண்ணாம்புலயே காவியோ மஞ்சளோ கலந்துக்கலாம். அந்த ரெண்டு கட்டை முனைய மட்டும் ஆசாரிய விட்டு மேல்பூச்ச கொஞ்சம் பேத்து பாக்கச் சொல்லுங்க, திண்ணை வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. அது உளுத்திருந்தா முதல் செலவு அது தான், டைல்ஸ் அப்பறம் பாத்துக்கலாம்.

ஊஞ்சல கைமரத்துல மாட்டவே கூடாது. பின் வரிசை பைப்புக்கும் முன் தூணுக்கும் குறுக்க தனியா ஒரு இரும்பு பீம் போட்டு அதுல தான் கொக்கி, ஆடறப்ப சுமை கூடும்கறதால ரெண்டு ஆள் எடைக்கு மூணு மடங்காவது கணக்கு போடச் சொல்லுங்க. பீம் குறுக்க போறதால ஊஞ்சல் தெருவுக்கு பக்கவாட்டுல ஆடும், ஏழடிக்குள்ள அது தான் முடியும். வெல்டர் வர்ற அன்னிக்கே இதையும் சொல்லிடுங்க, ஓடு அடுக்கினப்பறம் வந்து வெல்டிங் வச்சா பொறி பட்டு மரம் கருகும்.